குளிர்ந்த காலையில் கிளம்ப மறுக்கும் பழைய டீசல் கார்: பம்பைக் கழற்றுவதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் நிலைமை இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய, டீசலை அழுத்தித் தரும் மெக்கானிக்கல் பம்பும், டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் பற்றும் ப்ரீ-சேம்பர் எஞ்சினும் கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் கார். குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கிறது. பிடித்த பிறகும் அரை நிமிடம் நொண்டி, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுத்தான் சீராகிறது. ஒருமுறை சூடேறிவிட்டால் அன்று முழுவதும் சாவியைத் தொட்டவுடன் கிளம்புகிறது. பேட்டரி புதியது. பம்பைக் கழற்றி முழுதாகப் பழுது பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அது தேவையா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. காரணம் உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. சுழன்று டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்ப் தேய்ந்துபோனால், பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் தொல்லை கொடுக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், பம்பின் உள்ளே தேய்ந்த இடைவெளிகள் வழியாகக் கசியும். செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் டீசலைத் தெளிக்கும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாது. குளிரில் அதே டீசல் கெட்டியாக இருப்பதால் தேய்மானம் ஓரளவு மறைந்தே போகும். உங்கள் கார் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. சூட்டில் நன்றாகவும் குளிரில் மோசமாகவும் கிளம்பும் காரில் முதல் சந்தேகம் பம்பின் மேல் விழக் கூடாது.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது என்பது தெரிந்ததே. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது உண்டாகும் வெப்பம்தான் டீசலைப் பற்றவைக்கிறது. ப்ரீ-சேம்பர் எஞ்சின்களில் இந்த விகிதம் 21 முதல் 23 வரை இருப்பது வழக்கம். டீசல் தானாகப் பற்றுவதற்கு 210 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதும் என்றாலும், எஞ்சினுக்குள் அந்தப் பற்றல் வினாடியின் நூறில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டியிருப்பதால், அதைவிட வெகுவாகக் கூடுதலான வெப்பம் தேவைப்படுகிறது. உள்ளே வரும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால், நெருக்கி முடித்த காற்றின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதோடு சிலிண்டர் சுவரும் அதன் மேல்மூடியான ஹெட்டும் குளிர்ந்திருந்து வெப்பத்தை உறிஞ்சுகின்றன; எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்சுவதற்கு நேரமும் கிடைக்கிறது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் காற்று கசிவதற்கும் நேரம் கிடைக்கிறது. ஆகவே குளிரில் கிளம்பாத டீசல் காரில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: டீசல் சிலிண்டருக்குள் வருகிறதா, வந்தால் அதைப் பற்றவைக்கும் வெப்பம் அங்கே இருக்கிறதா?

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது சைலன்சரின் வாய். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போது புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. ஃபில்டர், பைப், டீசலை நிறுத்தும் பம்பின் ஷட்-ஆஃப் வால்வு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மூக்கை எரிக்கும் புகை வந்தால், அது எரியாமல் ஆவியாக வெளியேறும் டீசல். அதாவது டீசல் வருகிறது, பற்றவில்லை. அப்போது கிளம்பும் முன் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், எஞ்சின் சுற்றும் வேகம், டீசல் தெளிக்கும் நேரமான டைமிங், காற்றை நெருக்கும் அழுத்தமான கம்ப்ரஷன் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு நிமிடப் பரிசோதனையைச் செய்யாமல் பாகங்களை மாற்றத் தொடங்கியவர்கள் வீணாக்கிய பணத்தை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் கார் வெள்ளைப் புகை விடுவதாகச் சொல்கிறீர்கள். அது செல்ஃப் சுற்றும்போதே வருகிறதா, எஞ்சின் பிடித்த பிறகுதான் வருகிறதா என்பதை மட்டும் நாளைக் காலையில் கவனியுங்கள்.

கூடவே இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் தகராறு செய்தால் குளிர்தான் காரணம் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். நெடுநேரம் நின்றதும் காரணமாக இருக்கலாம் அல்லவா? பைப்பிலோ ஃபில்டரின் ரப்பர் வளையத்திலோ நுண்ணிய விரிசல் இருந்தால், டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே புகும். இரவோடு இரவாக டீசல் டேங்க்குக்குத் திரும்பி வடிந்துவிடும். காலையில் செல்ஃப் சுற்றும் நேரமெல்லாம் அதை மீண்டும் இழுத்துக்கொண்டு வருவதிலேயே போகும். குளிர் இல்லாத ஒரு நாளில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிறகு எப்படிக் கிளம்புகிறது என்று பாருங்கள். அன்றும் தாமதமானால் குற்றவாளி குளிரல்ல. சரிவான இடத்தில் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினால் மோசமாகவும், கீழே இருக்கும்படி நிறுத்தினால் நன்றாகவும் கிளம்புகிறதா என்பதும் நல்ல தடயம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே சிறிது நீளத்துக்கு, டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். நாசில்களை ஒன்றோடொன்று இணைத்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களை, துணிப் பின்னல் கொண்டவையானால் குறிப்பாக, கையால் வளைத்துப் பாருங்கள். பழைய கார்களில் அவை காய்ந்து வெடித்திருப்பது மிகச் சாதாரணம், மாற்றுவதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

உங்கள் அடையாளங்கள் இதைவிட ஹீட்டர் பிளக்கையே சுட்டுகின்றன. புத்தகங்களில் குளோ பிளக் என்று இருப்பதும் பட்டறைகளில் ஹீட்டர் பிளக் என்று சொல்லப்படுவதும் ஒன்றே. எஞ்சின் பிடித்த பிறகு அரை நிமிடம் நொண்டுவது, நான்கு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ இன்னும் எரியத் தொடங்கவில்லை என்பதன் அடையாளம். மற்றவை சுற்றிக் கொடுக்கும் வேகத்தில் அவை சூடேறி மெல்லச் சேர்ந்துகொள்கின்றன. ப்ரீ-சேம்பரின் உள்பரப்பு அதன் கொள்ளளவுக்கு மிக அதிகமாக இருப்பதால் வெப்பத்தை அள்ளிக் குடிக்கும். எனவே நேரடியாக சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் எஞ்சின் உறைநிலையை ஒட்டியும் பிளக் இல்லாமல் ஒருவாறு கிளம்பிவிடும்போது, ப்ரீ-சேம்பர் எஞ்சின் 10, 15 டிகிரியிலேயே பிளக்கை எதிர்பார்க்கும். நான்கில் ஒரு பிளக் கோடைக்காலத்திலேயே இறந்திருக்கலாம்; அது தெரிய வருவது முதல் குளிரில்தான்.

டேஷ்போர்டில் எரிந்து அணையும் மஞ்சள் விளக்கை நம்பிப் பிளக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பல பழைய கார்களில் அந்த விளக்கு, எஞ்சின் வெப்பத்தைப் பார்த்து இவ்வளவு வினாடி என்று கணக்கிடும் வெறும் கடிகாரம். பிளக் சூடானதா என்பது அதற்குத் தெரியாது. உண்மையை அறிய, முதலில் சாவியை ஹீட்டர் நிலையில் வைத்துவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பட்டைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். சுமார் 11 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ரிலேயையும், அதோடு இருக்கும் 50 முதல் 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸையும் பாருங்கள். அந்த ஃபியூஸ் வெளிப்பார்வைக்கு முழுசாகத் தெரிந்துகொண்டே மயிரிழை விரிசலோடு இருப்பதுண்டு. எனவே கண்ணை நம்பாமல் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மின்சாரம் பட்டை வரை வருகிறதென்றால், பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்காகச் சோதியுங்கள். பட்டையை அப்படியே விட்டுவிட்டு அளந்தால் நான்கும் ஒன்றுக்கொன்று இணைந்திருப்பதால், இறந்த பிளக்கும் உயிருள்ளதுபோலக் காட்டும். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால் நல்ல பிளக் விளக்கை எரியவிடும், அறுந்தது எரியவிடாது. ஓம் மீட்டரில் நல்ல பிளக் பெரும்பாலும் அரை ஓமிலிருந்து ஓர் ஓமை ஒட்டிக் காட்டும். ஆனால் இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரு குறை உண்டு: சுருள் அறுந்ததா இல்லையா என்பதைத்தான் அவை சொல்லும்; சூடு நுனியில் ஏறுகிறதா, நடுவில் ஏறி நுனி மந்தமாகவே இருக்கிறதா என்பதைச் சொல்லா. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரு பிளக் முதல் கணத்தில் 20 ஆம்பியருக்கு மேல் இழுத்து, சில வினாடிகளில் 10 ஆம்பியரை ஒட்டி இறங்கி நிற்கும். நான்கையும் ஒப்பிட்டால் எது கூட்டத்தோடு சேரவில்லை என்பது தெரிந்துவிடும்.

இன்னும் பழைய சில எஞ்சின்களில், நான்கு பிளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோக்கப்பட்ட கம்பிச் சுருள் வகையாக இருக்கும். அங்கே ஒன்று போனால் நான்கும் போனதுபோல; கார் நொண்டாது, கிளம்பவே கிளம்பாது. உங்கள் கார் அந்த வகையாகத் தெரியவில்லை.

பிளக்கைக் கழற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கை. வருடக்கணக்கில் இருந்த பிளக் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து, சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றுவதில் போய் நிற்கும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டுவைத்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது, நீளம் குறைந்த கைப்பிடியால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். எடுத்த பிறகு துளைக்குள் கரி அடைந்திருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பிளக்கை இறக்கக் கூடாது. கரிக்குள் புதைந்த நுனி காற்றையும் டீசலையும் சந்திக்காமல் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் போயிருந்தாலும் நான்கையும் சேர்த்து மாற்றுவதே என் வழக்கம். ஒரே வயதுடைய மற்ற மூன்றும் அதிக நாள் காத்திருப்பதில்லை.

பிளக்குகள் நான்கும் நலமாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது சுற்றும் வேகம். டீசல் எஞ்சின் குளிரில் பற்ற நிமிடத்துக்குக் குறைந்தது 150 முதல் 200 சுற்று வேண்டும். பேட்டரி புதியது என்கிறீர்கள். புதிது என்பது போதாது, அதன் குளிர்காலத் திறன் உங்கள் எஞ்சினுக்குக் குறிக்கப்பட்ட அளவுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட் ஆம்பியர், மைனஸ் 18 டிகிரியில் அளக்கப்படும் எண்; பெட்ரோல் காருக்குரிய பேட்டரி அதே பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும் என்பதால் கடைகளில் மாறிப்போவது உண்டு. இரவு நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளிலேயே 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். என்னுடைய பழைய டீசல் காரில் ஒரு குளிர்காலம் முழுவதும் பிளக், ரிலே, பேட்டரி என்று வரிசையாக மாற்றி, கடைசியில் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை போல்ட்டுக்கடியில் துருவாகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. இதேபோலப் பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் கனத்த முனை வரை பார்க்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

எஞ்சின் ஆயிலும் இதே கணக்கில் சேரும். தரக்குறியில் முன்னால் இருக்கும் எண் குளிரில் எஞ்சின் சுற்றும் தன்மையைக் குறிக்கிறது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 10டபிள்யூவை மைனஸ் 25-இலும், 5டபிள்யூவை மைனஸ் 30-இலும் சோதிக்கிறார்கள். கடுங்குளிர் உள்ள இடத்தில் 15டபிள்யூ-40 ஊற்றி வைத்திருந்தால், எஞ்சின் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கும் பட்சத்தில், 5டபிள்யூ-40க்கு மாறுவதே செல்ஃப்பின் சத்தத்தை மாற்றிவிடும். கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பதும் இதனால்தான்: கியர் பாக்ஸில் உறைந்துபோன எண்ணெயைச் சேர்த்துச் சுற்றும் வேலை மிச்சமாகிறது.

செல்ஃப் சுற்றும்போது புகையே வராவிட்டால் மட்டும் டீசலைப் பற்றிச் சிந்தியுங்கள். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு, குளிரில் முதலில் பனிமூட்டம்போல் பிரிந்து, பிறகு படிகமாகி ஃபில்டர் தாளை அடைக்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 590, ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலையைக் கொண்டு மிதமான தட்பவெப்பத்துக்கான டீசலை பிளஸ் 5 முதல் மைனஸ் 20 வரை ஆறு வகுப்பாகவும், அதற்கு அப்பால் மைனஸ் 44 வரை துருவக் குளிருக்கான வகுப்புகளாகவும் பிரித்திருக்கிறது. ஆகவே கோடையில் நிரப்பிய டீசலைக் குளிர்காலம் வரை டேங்க்கில் வைத்திருந்தவருக்கு, கார் பழுதாகாமலேயே நிற்கும். மெழுகு பிரிந்த பிறகு ஊற்றும் மருந்து அதைக் கரைப்பதில்லை. அது பிரிவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீர் உறைந்தாலும் இதே விளைவுதான். குளிருக்கு முன் அதை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஃபில்டரை மாற்றினால் கை பம்பை அழுத்தி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே செல்ஃப் அடியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை தொடர்ந்தால்தான் உள்ளே போக வேண்டும். முதலில் பம்பில் குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அது டேஷ்போர்டில் இழுக்கும் கைப்பிடி. சிலவற்றில் எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தானாக நகரும் லீவர். கேபிள் அறுந்தோ இறுகியோ கிடந்தால் எஞ்சின் தாமதமான டைமிங்கில் கிளம்பப் பார்க்கும். வெள்ளைப் புகையும் நொண்டலும் அப்படியே அச்சாக வரும். பெல்ட்டோ செயினோ தளர்ந்து பம்பின் அடிப்படை டைமிங்கே பின்னுக்குப் போயிருக்கலாம். நாசில்கள் பனித்துளியாகத் தெளிக்காமல் சொட்டினாலும் குளிரில் பற்றாது. அவற்றை நாசில் சோதிக்கும் மேடையில்தான் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் பைப்பைத் தளர்த்தி விரலருகே பார்ப்பது வேண்டாம், நூறு பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடைசியாகக் கம்ப்ரஷன். ப்ரீ-சேம்பர் எஞ்சினில் புதிதாக இருக்கும்போது 30 பாரை ஒட்டி இருக்கும். 20-ஐ நெருங்கினாலோ, சிலிண்டருக்கு சிலிண்டர் 4, 5 பார் வேறுபட்டாலோ குளிரில் அது தெரியும். அளப்பதற்கு முன் வால்வு இடைவெளியைச் சரி செய்துவிடுங்கள். இடைவெளி குறைந்து வால்வு முழுதாக அமராத எஞ்சினை ரிங் தேய்ந்ததென்று பிரித்துப் போட்ட கதைகள் உண்டு.

என்ன அவசரமானாலும் ஈதர் அடங்கிய ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் சிலிண்டருக்குள் அது பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் விளிம்பும் ரிங்கும் உடைவதற்கு ஒரு தரம் போதும். தள்ளியோ இழுத்தோ கிளப்புவதும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் ஆபத்து. விளக்கு அணைந்த பிறகும் நான்கைந்து வினாடி காத்திருந்து, அல்லது சாவியை அணைத்து இரண்டாம் முறை சூடாக்கி, பிறகு விட்டுவிட்டு அல்லாமல் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆறவிடுங்கள்.

கம்ப்ரஷன் குறைவுதான் என்று தெரிய வந்தாலும் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. சூடான பிறகு நன்றாக ஓடி, ஆயில் குடிக்காத எஞ்சினென்றால், கூலன்ட்டைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைப் பொருத்தி, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மின்சாரத்தில் போட்டுவிட்டால், அதன் மூலம் இன்னும் சில குளிர்காலங்களை வாங்கிவிடலாம்.